செகண்ட் ஹாண்டில் பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி: குமரி மாவட்டத்தில் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை

புதிதாக 40 லட்சத்துக்கு மேல் விற்ற செடான், ஏழெட்டு வருடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்து நிற்கும். புது ஹோண்டா சிட்டி எடுக்கிற காசுக்குப் பென்ஸா என்று ஆசை வருவது இயல்புதான். ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும். அதன் ஹெட்லைட், கியர்பாக்ஸ், ஏசி கம்ப்ரசர் எல்லாம் இன்றைக்கும் 40 லட்ச ரூபாய் வண்டியின் பாகங்களாகவே விற்கின்றன. கையில் 15 லட்சம் இருந்தால் 12 லட்சத்துக்குள் வண்டியைத் தேடுங்கள். மீதி 3 லட்சம் பெயர் மாற்றத்துக்கும், இன்சூரன்ஸுக்கும், முதல் வருடத்தில் நிச்சயம் வரும் வேலைகளுக்கும் வேண்டும். இருப்பதையெல்லாம் வண்டிக்கே கொடுத்துவிட்டு, பேட்டரி மாற்றக் காசில்லாமல் ஷெட்டில் போட்டிருப்பவர்கள் நாகர்கோவிலில் உண்டு.

இந்தச் செலவு எந்த ஊரிலும் உள்ளதுதான். குமரி மாவட்டத்தில் கூடுதலாக மூன்று விஷயங்கள் இருக்கின்றன: கடல் உப்பு, மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிகள், கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி வரும் காகிதங்கள். இங்கே விற்பனைக்கு வரும் வண்டியில் கிலோமீட்டரை விட இந்த மூன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்த வண்டி

ஒரே பெயரில் வந்த வண்டி இரண்டு வேறு எஞ்சின்களோடு விற்றிருக்கும். ஒன்று நல்லது, மற்றது தலைவலி. அதைத் தெரிந்துகொள்ள ஆர்சியில் உள்ள சிசி எண்ணே பல நேரம் போதும்.

மெர்சிடிஸ் சி220-ல் 2143 சிசி என்றிருந்தால் பழைய ஓஎம்651 டீசல். உழைக்கும் எஞ்சின்தான், ஆனால் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் அதில் கை வைத்தால் வேலை பெரிது. 1950 சிசி என்றிருந்தால் 2018 ஃபேஸ்லிஃப்டோடு வந்த ஓஎம்654. சத்தமும் அதிர்வும் குறைவு. விலை வித்தியாசம் தாங்குமானால் இரண்டாவதை எடுங்கள். சி கிளாஸில் இவற்றுக்கு முந்தைய தலைமுறையான டபிள்யூ204 இன்று மிக மலிவு. ஆனால் அதன் பின்பக்க சப்ஃபிரேம் (பின்சக்கர அமைப்பைத் தாங்கும் இரும்புச் சட்டம்) உள்ளிருந்து துருப்பிடிக்கும். பனிக்கு உப்புத் தூவும் அமெரிக்கச் சாலைகளில் இந்தக் குறை பெரிதாகி, மெர்சிடிஸ் அங்கே அந்தப் பாகத்துக்குத் தனியாக வாரண்டியை நீட்டித்தது. குளச்சலிலோ முட்டத்திலோ பத்து வருடம் நின்ற டபிள்யூ204-ஐ லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

பிஎம்டபிள்யூ 320டி-யில் சிசி உதவாது, இரண்டு எஞ்சினும் 1995 சிசி. 184 குதிரைத்திறன் என்றால் என்47, 2016 ஃபேஸ்லிஃப்டுக்குப் பின் வந்த 190 என்றால் பி47. என்47-ன் டைமிங் செயினும் பின்பக்கம்தான். 2011-க்கு முந்தைய வண்டிகளில் தேய்மானம் அதிகம், பிறகு குறைந்தது. பெட்ரோல் 320ஐ பார்க்கிறவர்கள் 2015 வரை வந்த என்20 எஞ்சினில் செயின் ஓடும் பிளாஸ்டிக் கைடு உடைவதை நினைவில் வையுங்கள். ஆயில் ஃபில்டரைத் திறந்தால் பழுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு கிடைக்கும். கிடைத்தால் அந்த வண்டி வேண்டாம். எஃப்30 தலைமுறை 3 சீரிஸின் பலம் அதன் இசட்எஃப் 8 ஸ்பீடு கியர்பாக்ஸ். 'வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்பார்கள். கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் ஆயில் பானோடு சேர்ந்தே வருவதால் பானையே மாற்ற வேண்டும். மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

ஆடியில் 2015 வரையிலான ஏ4 முன்சக்கர வண்டியின் மல்டிட்ரானிக் கியர்பாக்ஸ், படிப்படியான கியர் இல்லாத சிவிடி வகை. பழகப் பழக மெதுவாக நகரும்போது உதறும், சரிசெய்யச் செலவு அதிகம். 1.8 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் என்றால் எஞ்சின் ஆயில் குடிக்கும் பழக்கமும் சேரும். இந்த இரண்டையும் விட்டுவிடலாம். 2016 செப்டம்பரில் வந்த புதிய ஏ4 வேறு ரகம், நல்ல வண்டி. ஏ3 செடானில் 2.0 டீசலோடு வரும் 6 ஸ்பீடு டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்டது. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றினால் நிற்கும். 1.4 பெட்ரோலோடு வரும் 7 ஸ்பீடு உலர்ந்த கிளட்ச் வகை. மார்த்தாண்டம் டிராஃபிக்கில் அரைகிளட்சில் ஊர்ந்து ஊர்ந்தே சூடாகும். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு பெரிது.

ஜாகுவார் எக்ஸ்இ, வால்வோ எஸ்60 இரண்டும் ஓட்ட அருமை. பாகத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இருந்தால் மட்டும். பேட்ஜ் முக்கியமில்லை, வசதிதான் வேண்டும் என்பவர்கள் ஸ்கோடா சூப்பர்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சர்வீஸ் தூரத்தையும் கணக்கில் வையுங்கள். கம்பெனி சர்வீஸ் என்றால் நமக்குப் பெரும்பாலும் திருவனந்தபுரம், இல்லையென்றால் மதுரை. நின்றுபோன வண்டியை ரெக்கவரி லாரியில் அனுப்பும் செலவு வண்டியின் முதலாளிக்கே. வாங்குவதற்கு முன்பே, ஐஎஸ்டிஏ, எக்ஸ்என்ட்ரி, ஓடிஐஎஸ் போன்ற அந்தந்தக் கம்பெனிச் சாஃப்ட்வேரில் ஸ்கேன் செய்யத் தெரிந்த தனியார் மெக்கானிக் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டியும் பார்ப்போம் என்று சொல்லும் கடை இதற்கு உதவாது.

நின்ற வண்டி

'சார் கல்ஃபில இருக்காரு. வருஷத்துக்கு ஒரு மாசம்தான் ஓடும். ஆறு வருஷத்துல 22,000 கிலோமீட்டர்தான்.' நம் மாவட்டத்து விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாக்கியம், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் இந்த ரக வண்டிகளுக்கு ஓட்டத்தை விட நிற்பதுதான் கேடு.

எஞ்சின் ஆயில் கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் கெடுவதில்லை. ஈரம் சேர்ந்து, அமிலம் கூடி, ஒரு வருடத்தில் அதன் காலம் முடிகிறது. சர்வீஸ் புத்தகத்தில் 600 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வருடாந்திர சர்வீஸ் பதிவாகியிருந்தால் அது வீண்செலவல்ல, நல்ல முதலாளி என்பதற்கு அடையாளம். 22,000 ஓடி, மூன்று வருடம் ஆயிலே மாற்றாத வண்டியை விட, திருவனந்தபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் ஓடி ஒவ்வொரு வருடமும் பில்லோடு நிற்கும் 90,000 கிலோமீட்டர் வண்டி மேல்.

நின்ற வண்டியில் பார்க்க வேண்டியவை: டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3218 என்றால் 2018-ன் 32-வது வாரம் செய்தது. பட்டன் புதிதாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை மாற்றத்தான் வேண்டும். ஒரே இடத்தில் நின்று தட்டையான டயர் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே தாளத்தில் தட்டும். பிஎம்டபிள்யூவில் வரும் ரன்ஃபிளாட் டயர் சாதாரண டயரை விட விலை அதிகம், ஸ்டெப்னியும் பல வண்டிகளில் இருக்காது. பேட்டரி, இந்த வண்டிகளுக்கென்று வரும் மூடிய ஏஜிஎம் வகையா என்று பாருங்கள். சாதாரண பேட்டரியை மாட்டி, புது பேட்டரி என்று வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவும் செய்யாமல் விட்டிருந்தால், சம்பந்தமில்லாத எச்சரிக்கைகளெல்லாம் திரையில் வரும்.

அப்புறம் எலி. ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் சூழ்ந்த வீட்டு ஷெட்டில் நிற்கும் வண்டியில் எலி கூடு வைக்காமல் இருப்பதே அதிசயம். பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல்மூடியைக் கழற்றுங்கள். இன்ஜெக்டர் வயர்களின் மேலுறையில் பல் தடம், கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு, புழுக்கை, அரைகுறை தேங்காய்ச் சகிரி (நார்) எதுவும் தெரிகிறதா? கேபின் ஃபில்டரையும் உருவிப் பாருங்கள், எலிக்குப் பிடித்த இடம் அதுதான். வயரில் டேப் ஒட்டு ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால், தெரியாத இடத்தில் இன்னும் சில இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வெள்ளம் பார்த்த வண்டி

2015 டிசம்பர் சென்னை, 2018 ஆகஸ்ட் கேரளம், 2023 டிசம்பரில் முதலில் சென்னையும் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடியும். இந்த நான்கு வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகள் இன்சூரன்ஸ் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வருவது புதிதல்ல. வாசனை தெளித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்று நிறக் கோடு இருந்தால் பேச்சே வேண்டாம். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாள போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் இருக்கும் போல்ட் துருப்பிடிக்கப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்காது. கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள ஸ்பாஞ்சை அழுத்துங்கள். டிக்கியின் தளப்பலகையைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். எஃப்30-ன் பேட்டரி அங்கேதான் இருக்கிறது, தண்ணீர் தேங்கினால் முதலில் பாதிக்கப்படுவதும் அங்குள்ள மின்பாகங்கள்தான். கனெக்டரில் பச்சைப் படிவு இருந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது.

பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். 'எஞ்சினைத் தொட வேண்டாம், நான் வந்து ஸ்டார்ட் செய்கிறேன்' என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். தேய்ந்த செயினின் சத்தம் குளிர்ந்த எஞ்சினில் முதல் சில நொடிகள்தான் கேட்கும், ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். பானெட் பக்கம் ஒருவர் நிற்க, மற்றவர் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கை முடக்கியிருக்கிறார்கள், ஏர்பேக் ஒருமுறை வெடித்த வண்டியாக இருக்கலாம்.

அடுத்து ஸ்கேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஓபிடி கருவியே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடும்: வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம். அது 14 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்கு முன்பு யாரோ துடைத்திருக்கிறார்கள். கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்க்க மேலே சொன்ன கம்பெனிச் சாஃப்ட்வேர் வேண்டும். மீட்டரில் மாற்றியவர் மற்ற கன்ட்ரோல் யூனிட்டுகளில் பதிந்ததை மாற்ற மறந்திருப்பார். அங்கீகரிக்கப்பட்ட ஷோரூமில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் வரலாறு கேட்பது இதைவிட எளிது. முதலாளியைக் கூட்டிப் போனால் பெரும்பாலும் தருவார்கள்.

பெயிண்டின் கனத்தை அளக்க மைக்ரான் மீட்டர். கம்பெனிப் பூச்சு பொதுவாக 100 முதல் 160 மைக்ரான். 250 என்றால் மறுபூச்சு, 500-க்கு மேல் என்றால் அடியில் பட்டி. பம்பர் ஓரத்தில் கீறலுக்கு அடித்த பூச்சைப் பெரிதாக்க வேண்டாம். கூரையிலும் கதவுத் தூண்களிலும் எண் மாறினால்தான் கவலை.

பிறகு லிஃப்ட். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். கடற்கரை வண்டியில் உப்பு எங்கே கடிக்கும் என்று தெரிந்தால் பத்து நிமிட வேலைதான். சப்ஃபிரேம் பற்றவைப்புகள், சுருள் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, பிரேக் குழாய்கள், சைலன்சர் கிளாம்பு, டிஸ்கின் உள்பக்கம். மேலே பளபளக்கும் டிஸ்க் உள்ளே செதில் செதிலாக உதிரும். முன்பக்க கிரில் வழியே டார்ச் அடித்து ஏசி கண்டன்சரின் மெல்லிய தகடுகளைப் பாருங்கள். விரல் பட்டால் சாம்பலாக உதிர்ந்தால் அடுத்த கோடைக்குள் கேஸ் கசியும். அலாய் வீலின் மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு போல ஓடும் கோடுகளும் உப்பின் வேலைதான். அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து வைத்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். விற்பதற்கு முந்தின வாரம் யாரும் வண்டியைப் பாதுகாக்க அதை அடிப்பதில்லை.

ஓட்டிப் பார்க்க குறைந்தது 40 கிலோமீட்டர் வேண்டும். வடசேரியிலிருந்து பார்வதிபுரம் வரை நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். முதல், இரண்டாம் கியருக்கு இடையில் உதறல், நிற்கும் நேரத்தில் பின்னாலிருந்து இடித்தது போல ஒரு தள்ளல், இரண்டும் கியர்பாக்ஸின் புகார். பிறகு ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு பக்கம் நாலுவழிச் சாலை. சட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறதா, பிரேக் அழுத்தினால் மட்டும் நடுங்குகிறதா என்று பிரித்துக் கவனியுங்கள். முப்பந்தல் காற்று வண்டியைத் தள்ளுவதை ஸ்டியரிங் குறை என்று எண்ணிவிட வேண்டாம். திரும்பும்போது தக்கலை, குலசேகரம் பக்கத்து உள்சாலை ஒன்றில் விட்டு, ஜன்னலை இறக்கி, ரேடியோவை அணைத்து, வேகத்தடைகளில் முன்பக்கத்துக் 'கடக்'கைக் கேளுங்கள். கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷாக இருந்தால் பயமில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். கடைசியாக ஏசி போட்டபடி பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். கூலன்ட் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகாமல் நிலையாக நிற்க வேண்டும், கூலன்ட் கசியும் இனிப்பு வாசனை வரக்கூடாது.

பிஎஸ்6 டீசல் என்றால் இன்னொன்று. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வாழ்க்கைக்குப் பெட்ரோலே சரி.

காகிதம்

டிஎன் 74, டிஎன் 75 (குமரி மாவட்டப் பதிவு) வண்டியென்றால் பெயர் மாற்றும் வேலை எளிது: படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடையாளச் சான்று. கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியோடு (தடையில்லாச் சான்று) படிவம் 35. அரசின் பரிவாஹன் இணையதளத்தில் எண்ணைப் போட்டு ஹைபோதிகேஷன் (வண்டி மேல் உள்ள கடன்), அபராதம், பிளாக்லிஸ்ட் மூன்றையும் அட்வான்ஸுக்கு முன்பே பாருங்கள்.

கேஎல் வண்டி திருவனந்தபுரத்தில் ஒன்றிரண்டு லட்சம் குறைவாகத் தெரியும். கணக்குப் போட்டுவிட்டுச் சந்தோஷப்படுங்கள். அந்த ஊர் ஆர்டிஓவின் படிவம் 28 என்ஓசி வேண்டும், 2023 ஜூன் முதல் அங்கே இயங்கும் ஏஐ கேமராக்களின் அபராத பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும், பிறகு இங்கே படிவம் 27-ல் புது எண்ணுக்கு விண்ணப்பம், ஆய்வாளர் பார்வை, வாழ்நாள் வரி. பலர் தவறுவது வரியில்தான். நீங்கள் கொடுத்த 12 லட்சத்துக்கு அல்ல, வண்டி புதிதாக விற்ற விலையையும் அதன் வயதையும் வைத்துத்தான் வரி. கேரளத்தில் கட்டிய வரியின் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது கையில் வர நாளாகும். ஆகவே கேரள விலையோடு வரியையும் கூட்டி, நாகர்கோவில் விலையோடு ஒப்பிடுங்கள். '12 மாதம் வரை கேஎல்லிலேயே ஓட்டலாம்' என்று புரோக்கர் சொல்வார். அது எண் மாற்றும் கெடு. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வாங்கியவருக்கு 30 நாள்தான்.

பிஒய் எண் கொண்ட வண்டியில் பதிவு முகவரியை விசாரியுங்கள். வரி மிச்சம் பிடிக்கப் புதுச்சேரி முகவரி காட்டிய சொகுசு வண்டிகள் 2017-ல் கேரளத்தில் வழக்குவரை போயின. டிஎல் வண்டி மலிவாக வருவதற்குக் காரணம் 10 வருட டீசலுக்குத் தில்லியில் வந்த கட்டுப்பாடு. வண்டியில் குறையில்லாமலும் இருக்கலாம், ஆனால் 15 வருட ஆர்சியில் மிச்சம் எவ்வளவு என்பதைக் கணக்கில் எடுங்கள்.

முதலாளி வெளிநாட்டில், விற்பவர் அவர் தம்பி என்றால் நிதானியுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட வெறும் படிவம் 29-ஐ வைத்துக்கொண்டு முழுப்பணம் கொடுக்காதீர்கள். அவர் விடுமுறைக்கு வரும் மாதம்வரை ஒரு சிறு அட்வான்ஸோடு காத்திருப்பது நல்லது. வரும்போது கையெழுத்தும் ஓடிபியும் ஒரே நாளில் முடியும்.

பணத்தை வங்கி வழியே கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்கு. டெலிவரி சீட்டில் தேதி, நேரம், கிலோமீட்டர், இரண்டு சாவியும் பெற்றது எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது சாவி இல்லையென்றால் புதுச் சாவியின் விலையைக் கழியுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைப்பது சிக்கல். பழைய முதலாளியின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அவருடைய ஃபாஸ்டேகை அன்றைக்கே மூடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட் நான்கையும் பழைய சர்வீஸ் பில் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள். ஆயில் வாங்கும்போது 5டபிள்யூ30 என்று மட்டும் கேட்காமல், மேனுவலில் உள்ள கம்பெனி அங்கீகார எண்ணைக் காட்டி வாங்க வேண்டும். கடலுக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வீடென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் அது வேண்டாம். நிறுத்தி வைக்கும் வீட்டார் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதை விட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் ஓட்டி வருவது பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் நல்லது. வெளிநாடு போகும் முன் ஏஜிஎம் பேட்டரிக்கு ஏற்ற டிரிக்கிள் சார்ஜர் ஒன்றை மாட்டி, ஷெட்டின் கீழ் இடைவெளியைக் கம்பி வலையால் அடைத்துவிட்டுப் போங்கள்.